நாலாம் சிம்பொனியில் மீன் தட்டு எடுக்கும் இடம்

சென்ற மாதம் ஹட்டனிலிருந்து ரயில் பார்சலில் கட்டம் போட்ட கொப்பி ஒன்று வந்தது. நான் பதினோரு வருடம் வேலை செய்த ரேடியோ கடையில், என்னுடைய பழைய மேசையின் இழுப்பறையில் கிடந்ததாம். இப்போது அந்த மேசையில் உட்காரும் செல்வி உள்ளே ஒரு துண்டுக் கடிதம் வைத்திருந்தாள்.

"அக்கா, இதுல ஒரு எடத்துல 'சிம்பொனி 4, ஐந்தாவது பக்கம், மீன் தட்டு எடுக்கும் இடம்'னு எழுதியிருக்கீங்க. நாங்க யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டோம். முதலாளி நானாகிட்ட கேட்டா சிரிக்கிறாரே தவிர வாயத் தெறக்க மாட்டேங்கிறாரு. என்னன்னு எழுதி அனுப்புங்க. எங்களுக்கு வேலையே ஓடல."

வேலை ஓடாமல் இருக்கக் கூடாது. அதனால் எழுதுகிறேன். என் கணவர் பட்டிப்பொல ஸ்டேஷன் மாஸ்டர். இங்கே இரண்டு ரயில்களுக்கு நடுவில் பனியைத் தவிர வேறு எதுவும் வருவதில்லை. முப்பத்திரண்டு வயதில் 'ஓய்வுபெற்றவள்' என்று என்னைச் சொல்லிக்கொள்வது வேடிக்கைதான். ஆனால் இசைத்தட்டுப் பக்கங்களை வரிசைப்படுத்தும் வேலையிலிருந்து நான் ஓய்வுபெற்றுவிட்டேன் என்பது உண்மை. இப்போது ஒரு முழுச் சிம்பொனி ஒரே நீண்ட தட்டில் அடங்கிவிடுகிறது. நல்ல காரியம். நாலு நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து தட்டைத் திருப்பியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

முதலில் என்னைப் பற்றிச் சுருக்கமாக. நான் ஒரு தோட்டத்து டீமேக்கரின், அதாவது தேயிலைத் தொழிற்சாலைப் பொறுப்பாளரின், மகள். தொழிற்சாலை மோட்டார்களின் சத்தத்தில் வளர்ந்தவள். கொழும்பில் இரண்டு வருடம் ரேடியோ பழுதுபார்க்கும் பயிற்சி எடுத்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். அங்கே கற்றது மூன்று விஷயம்: வால்வைத் தொடுவதற்கு முன் மின்சாரத்தை நிறுத்துவது, எதையும் எழுதி வைப்பது, தெரியாததைத் தெரியாது என்று சொல்வது. மூன்றாவதைத்தான் நான் இடையில் ஒரு முறை மறந்தேன். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கடை முதலாளியை ஊரில் எல்லோரும், முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடுவது போல, நானா என்றுதான் கூப்பிடுவார்கள். மேல்நாட்டு இசையில் அவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் இசைத்தட்டை அவரைப் போல் கையில் வாங்க இன்றுவரை யாரையும் நான் பார்த்ததில்லை. இரண்டு உள்ளங்கைகளின் நடுவில், விளிம்பு மட்டும் படும்படி வாங்குவார். வாசலுக்குப் போய் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடிப்பார். எந்த வரியில் தேய்ந்திருக்கிறது, எந்த வீட்டில் பழைய ஊசி போட்டிருக்கிறார்கள் என்று அங்கேயே சொல்லிவிடுவார். தட்டைக் கீழே வைக்கும்வரை யாரோடும் பேச மாட்டார். வாடிக்கையாளர் தோட்டத்தை நடத்தும் பெரிய தொரையாக இருந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவர் எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்று. "மகள், சாமான் பழுதுன்னா பழுதுன்னு செல்லு. மறைச்சு குடுத்த சாமான் திரும்பி வரும்."

எங்கள் கடையில் சினிமாப் பாட்டுத் தட்டுகள்தான் அதிகம். ஆனால் சுற்றுவட்டாரத்து பங்களாக்களுக்கும் கிளப்புக்கும் சிம்பொனி செட்டுகளையும் வரவழைத்துக் கொடுப்போம். ஒரு சிம்பொனி என்பது நாலைந்து தட்டு, பெரிய ஆல்பம் மாதிரி அட்டைக்குள் இருக்கும். ஒரு பக்கம் நாலு நிமிடம். வாக்கியத்தின் நடுவில் நிற்பது போலப் பாட்டு நடுவில் நிற்கும். அடுத்த பக்கத்தைப் போட்டால் அங்கிருந்து தொடரும்.

அந்தத் தட்டுகளை நான் பெயர் வைத்துத் தெரிந்துகொள்ளவில்லை. ராகத் துணுக்கை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். அதற்குக் காரணம் நோர்வூட்டிலிருந்து வந்த ஒரு டிரைவர். பங்களா அம்மா ரேடியோவில் ஏதோ சிம்பொனியைக் கேட்டிருக்கிறார். பெயரைச் சொல்லும்போது அலை இரைந்துவிட்டது. டிரைவரைக் கூப்பிட்டு அந்தத் துணுக்கைப் பத்துத் தடவை பாடிக்காட்டி, சீழ்க்கை அடிக்கப் பழக்கி, "இதைக் கடையில் போய்ச் சொல்" என்று அனுப்பிவிட்டார். மனுஷன் வழியெல்லாம் மறக்காமல் சீழ்க்கை அடித்துக்கொண்டே வந்திருக்கிறார். ஆனால் நோர்வூட்டில் ஏறிய ராகம் ஹட்டனில் இறங்கியபோது, போன வாரம் வந்த சினிமாப் பாட்டாக மாறியிருந்தது.

"இதத்தான் அம்மா பாடுனாங்களா?" என்றேன்.

"ஆரம்பத்துல இது இல்ல மிஸ்," என்றார் டிரைவர் பரிதாபமாக. "டிக்கோயா தாண்டுனப்போ மாறிருச்சுன்னு நெனக்கிறேன்."

அன்றே கட்டம் போட்ட கொப்பி ஒன்று வாங்கினேன். ஒவ்வொரு சிம்பொனியிலும் திரும்பத் திரும்ப வரும் சின்னத் துணுக்குகளை வரைபடம் போலக் கட்டங்களில் புள்ளியிட்டேன். சத்தம் ஏறினால் மேல் கட்டம், இறங்கினால் கீழ்க் கட்டம், நீண்டு நின்றால் படுக்கைக் கோடு. ஒவ்வொன்றுக்கும் நானே ஒரு பெயர் வைத்தேன்: 'ஏணி', 'பெரட்டுத் தப்பு' (விடியலில் தோட்டத்து ஆட்களைக் கூட்ட அடிப்பார்களே, அது), 'கொக்கி', 'இரண்டு கோழி'. இரண்டு வருடத்தில் இருநூறுக்கு மேல் சேர்ந்தது. ஒரே ஆள் எழுதிய வெவ்வேறு சிம்பொனிகளில் ஒரே மாதிரித் திருப்பங்கள் வருவதும் அப்போதுதான் தெரிந்தது. சிலருடைய கையெழுத்தைப் பார்த்ததும் தெரிகிறதல்லவா, அதுபோல. பங்களா அம்மாக்கள் எட்டுப் புள்ளி வைத்து அனுப்பினால் போதும், தட்டு போய்ச் சேரும். டிரைவர்கள் நிம்மதியாக சினிமாப் பாட்டையே பாடிக்கொண்டு வரலாம்.

எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

ஒரு புதன்கிழமை காலை, தோட்ட லொறி ஒன்று கடை வாசலில் தேயிலைப் பெட்டி ஒன்றை இறக்கியது. கூடவே வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் இறங்கினார். நோர்வூட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், பெரிய தொரை பங்களாவின் சமையலும் பரிமாறலும் பார்க்கிற வீராசாமி அப்பு. பத்தொன்பது வருடமாக அதே பங்களாவில் இருப்பவர். பெட்டியைத் திறந்து, மேசைத் துண்டுகளில் சுற்றியிருந்த தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். இருபது தட்டு. பளபளவென்று இருந்தன. நடுவில் லேபல் மட்டும் ஒன்றில்கூட இல்லை.

நானா ஒரு தட்டை உள்ளங்கைகளில் வாங்கி வாசலுக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்து வைத்தார். அதன் பிறகுதான் வாய் திறந்தார்.

"எனத்த அப்பு செஞ்சீங்க?"

"கழுவிட்டேங்க முதலாளி."

தொரை ஆறு மாத லீவில் சீமைக்குப் போயிருந்தார். மழைக்காலத்தில் தட்டு அலமாரிக்குள் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. தொரை வருவதற்குள் சுத்தமாக இருக்கட்டும் என்று அப்பு எல்லாவற்றையும் தொட்டியில் போட்டு, ஈரத் துணியால் பக்குவமாகத் துடைத்திருக்கிறார். கோடுகளில் ஒரு கீறல் இல்லை. ஆனால் பூஞ்சணம் அதிகமாக இருந்தது நடுவில் ஒட்டியிருந்த வட்டத் தாளில்தான். ஜாம் போத்தல் காலியானால் லேபலை ஊறவைத்து, தேங்காய்ப் பொச்சும் சாம்பலும் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டுப் போத்தலை அலமாரியில் வைப்பது பங்களாப் பழக்கம். அதே பொச்சு, அதே சாம்பல்.

"ஒரு லேபலாச்சும் விட்டு வெச்சிருக்கலாமே அப்பு," என்றேன்.

"அரகொறயா வேல செஞ்சா தொரைக்குப் புடிக்காதுங்க மிஸ்."

நானா திரும்பி நின்று கோட்டுப் பையில் எதையோ தேடினார். சிரிப்பை மறைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அப்பு சிரிக்கவில்லை.

"முள்ளுக்கரண்டி ஒரு விரக்கட தள்ளி இருந்தாலே தொரை சாப்பிட மாட்டாருங்க. இதப் பாத்தாருன்னா அன்னைக்கே வேலையிலருந்து பேர வெட்டிடுவாரு. பேரு போனா பின்கட்டு வீடும் போகும். பத்தொம்பது வருசங்க மிஸ். இன்னும் மூணு வாரத்துல வந்துருவாரு. எது எதுக்கு அடுத்ததுன்னு மட்டும் கண்டுபுடிச்சுக் குடுங்க."

நான் செய்து தருகிறேன் என்றேன். என் கொப்பி இருந்த தைரியம்.

நானா இரண்டு நிபந்தனை போட்டார். பழைய லேபல் மாதிரியே அச்சடித்து ஒட்டக் கூடாது. வெள்ளைத் தாளில் என் கையெழுத்தில் எண் மட்டும் இருக்க வேண்டும். இன்னொன்று, தொரை வந்திறங்கிய அன்றே அப்பு தன் வாயால் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். "கழுவினது பாவமில்ல அப்பு. மறைக்கிறதுதான் பாவம்."

அப்புவின் முகம் தொங்கிப்போனது. ஆனாலும் தலையாட்டினார். ஆல்பம் அட்டைகளின் முதுகைப் பார்த்ததில், இருபது தட்டும் நாலு சிம்பொனி என்று தெரிந்தது. ஒன்றுக்கு ஐந்து தட்டு, இன்னொன்றுக்கு ஐந்து, மூன்றாவதற்கு ஆறு, கடைசிக்கு நாலு. மொத்தம் நாற்பது பக்கம்.

வேலை செய்த முறையை எழுதிவிடுகிறேன். செல்விக்கு இனிமேல் தேவைப்படாது. ஆனாலும் கேட்டாளே.

முதலில் ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் மஞ்சள் மெழுகுப் பென்சிலால் எண் போட்டேன். தட்டின் உள்விளிம்பில் கம்பனிக்காரர்கள் பொடியாகப் பதித்த எண் ஒன்று இருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் பதினைந்து பக்கங்களில் அது தப்பியிருந்தது. மற்றதெல்லாம் சாம்பலோடு போய்விட்டது. தப்பியவற்றை வைத்து எது எந்தக் குடும்பம் என்று கொஞ்சம் பிரித்தேன். மீதிக்குக் காதுதான்.

பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் ஹட்டனில் பனி இறங்கிவிடும். கடையில் ஆள் இருக்காது. அந்த நேரமும், வெள்ளிக்கிழமைகளில் நானா பள்ளிவாசலுக்குப் போயிருக்கும் நேரமும் எனக்குக் கிடைத்தன. சுழலும் வேகம் சரியா என்று கோடு போட்ட வட்ட அட்டையை மின்விளக்கின் கீழ் சுழலவிட்டுப் பார்ப்பேன். கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் சரி. பக்கத்துக்கு ஒரு புது ஊசி. தொடக்கத்தில் அரை நிமிடம், முடிவில் அரை நிமிடம் கேட்டு, துணுக்கைக் கட்டத்தில் வரைவேன். ஒரு பக்கம் விட்ட மூச்சை எந்தப் பக்கம் எடுக்கிறது என்று பார்த்துப் பொருத்துவேன். கிழிந்த கடிதத்தை ஓரம் பார்த்து ஒட்டுவது போன்ற வேலை.

சிக்கல் ஒன்றுதான். எந்தத் துணுக்கு இந்தத் தட்டு இந்தச் சிம்பொனியுடையது என்று காட்டிக்கொடுக்கிறதோ, அதே துணுக்கு வரிசையைக் குழப்பியும் விடும். ஏனென்றால் அது திரும்பத் திரும்ப வரும். 'ஏணி' முதல் பக்கத்திலும் வரும், மூன்றாவது பக்கத்திலும் வரும். எது முதல் வரவு, எது மறுவரவு? அதற்கு ரேடியோ மேசையிலிருந்த ஒசிலேட்டர் உதவியது. ஒரு குமிழைத் திருகினால் வேண்டிய உயரத்தில் சத்தம் தரும் கருவி அது. அதை வைத்து அளந்தபோது ஒரு ஒழுங்கு தெரிந்தது. ஏணிக்குத் துணையாக வரும் இரண்டாவது துணுக்கு, முதல் தடவை வேறு உயரத்தில் நிற்கும். மறுவரவில் ஏணி இருக்கும் உயரத்துக்கே வந்து சேர்ந்துவிடும். புதிதாகக் கல்யாணமானவள் மாமியார் வீட்டுக்குப் பழகிவிட்டது போல. இந்த விதியை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. குமிழின் எண்ணைப் பட்டியல் போட்டதில் தெரிந்தது. அன்று டீ குடிக்க மறந்துவிட்டேன்.

மூன்று சிம்பொனிகள் இரண்டு வாரத்தில் முடிந்தன. மூட்டுகள் எல்லாம் கச்சிதம். மிஞ்சியது நாலாவது. நாலு தட்டு, எட்டுப் பக்கம்.

அதன் அடையாளத் துணுக்கு 'கொக்கி'. மூன்று படி ஏறி, ஒரு வளைவில் சறுக்கி இறங்கும். ஒரு தட்டின் இரண்டு பக்கமும் கொக்கி தெளிவாக இருந்தது. ஒரு பக்கம் நிசப்தத்திலிருந்து அதை எடுத்துத் தொடங்கியது. மறுபக்கம் அதையே எக்காளங்களோடு பெரிதாகச் சொல்லி முழக்கத்தோடு நிறுத்தியது. இதுதான் ஒன்றும் இரண்டும், முதல் பகுதி இரண்டு பக்கத்தில் முடிந்துவிட்டது என்று எழுதினேன். தட்டின் முன்னும் பின்னும் அடுத்தடுத்த பக்கங்கள்தான் இருக்கும். அதுவரை என் கைக்கு வந்த செட்டுகள் எல்லாம் அப்படித்தான்.

ஒன்றின் முடிவும் இரண்டின் தொடக்கமும் பொருந்தவில்லை என்பதைக் கவனித்தேன். பதிவு செய்தவர்கள் கவனமில்லாமல் வெட்டியிருப்பார்கள் என்று ஓரத்தில் குறித்தேன். மற்ற தட்டுகளில் ஒன்றில் மட்டும் மூட்டு அழகாகப் பொருந்தியது. அந்த ஒன்று எனக்குப் போதுமாக இருந்தது. கடைசியில் சிம்பொனி அமைதியாக, பாதி வாக்கியத்தில் நிற்பது போல முடிந்தது. சில சிம்பொனிகள் அப்படியும் முடியும் என்று எழுதி அடியில் கோடு போட்டேன்.

நானா ஒரு பிற்பகல் முழுவதும் அருகில் உட்கார்ந்து கேட்டார்.

"மகள், எனக்கு இது ஒண்ணும் வெளங்காது. ஆனா இந்தக் கல்யாணத்துல மொத பந்தி முடியிறதுக்குள்ளயே எல்லாரும் கை கழுவிட்டு எழும்பிட்டாங்க. அதுக்குப் பொறகு சோறு வருது."

"சிம்பொனி கல்யாணம் இல்ல நானா."

"சரி மகள், நீங்க படிச்ச புள்ள," என்றார் பணிவாக. அவர் பணிவாகப் பேசினால் ஏற்றுக்கொள்ளவில்லை என்று அர்த்தம். தெரிந்தும் நான் லேபல் எழுதி ஒட்டினேன்.

தொரை வர ஐந்து நாள் இருக்கும்போது, தட்டுகளை எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போனேன். ரேடியோவும் இசைத்தட்டுப் பெட்டியும் ஒன்றாகச் சேர்ந்த, ஆறு மாதம் ஓடாத ரேடியோகிராமையும் பார்த்துவிடச் சொல்லி நானா அனுப்பியிருந்தார். சாப்பாட்டு அறையை ஒட்டிய ஹோலில், மர அலமாரி போலப் பெரிதாக நின்றது. மூடியைத் திறந்தேன். நடுவில் வழக்கமான குட்டைக் கம்பிக்குப் பதில் நீளமான ஒரு கம்பி இருந்தது. புது மாடல் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் கடைக்கு அந்த வகை அதுவரை வந்ததில்லை. வால்வுகளைத் துடைத்து, மின்சாரம் கொடுத்து, சோதனைக்கு நாலாவது சிம்பொனியின் முதல் பக்கத்தை வைத்தேன். முடிந்ததும் திருப்பி இரண்டாவதைப் போட்டேன். கொக்கி எக்காளத்தோடு முழங்கி நின்றது.

சமையல்கட்டுக் கதவு திறந்தது. அப்பு கையில் தட்டத்தோடு நின்றார். தட்டத்தில் காப்பிக் கோப்பை. முகத்தில் பெரும் குழப்பம்.

"என்ன அப்பு?"

"காப்பி நேரம் வந்துருச்சுங்களே மிஸ்." தட்டத்தையும் பார்த்தார், மேசையையும் பார்த்தார். "ஆனா சூப்பே இன்னும் போகலையே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உட்கார வைத்துக் கேட்டேன். உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குத் தொரை சிம்பொனி போடுவார். சாப்பிடும்போது யாரும் பேசக் கூடாது, மணியும் அடிக்க மாட்டார். அடுத்தது எப்போது கொண்டுவருவது என்று அப்பு பாட்டை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

"இந்த மூணு படி ஏறிச் சறுக்குதில்லீங்க, அது மொத தடவ ஒத்தையா நடந்து வரும். அப்ப நான் கதவுகிட்ட வந்து நிக்கணும். நடுவுல எங்கெங்கயோ போகும். கடைசில சாமி ஊர்வலம் மாதிரி மேளதாளத்தோட வரும் பாருங்க, அப்பத்தான் காப்பி. ரெண்டும் ஒரே ஆளுதான். ஆனா வர்ற தோரண வேற."

கொப்பியை மூடினேன். திறந்தேன். மறுபடி மூடினேன்.

"அப்படின்னா இது கடைசிப் பக்கமா?"

"ஆமாங்க மிஸ்."

"ஒண்ணாவதும் கடைசியும் ஒரே தட்டுலயா?"

"அது எனக்குத் தெரியாதுங்க. தொரை இத மட்டும் நாலையும் அந்த நெட்டக் கம்பில அடுக்கி வுட்டுருவாரு. ஒண்ணு முடிஞ்சா ஒண்ணு தானா விழும். நாலும் விழுந்ததும் எழும்பி, ரொட்டி அடுக்கப் பொரட்டுற மாதிரி மொத்தமாப் பொரட்டி வெப்பாரு. அப்ப நான் மீன் கொண்டாருவேன்."

ரொட்டி அடுக்கு என்றதும் எல்லாம் விளங்கியது. நாலு தட்டின் முன்பக்கங்கள் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. மொத்தமாகப் புரட்டினால் நாலாவது தட்டின் பின்பக்கம் ஐந்து, மூன்றாவதன் பின்பக்கம் ஆறு, இரண்டாவதன் பின்பக்கம் ஏழு, முதல் தட்டின் பின்பக்கம் எட்டு. இந்தக் கம்பிக்காகவே செய்த செட். ஒன்றும் எட்டும் முதுகோடு முதுகு. எனக்கு அழகாகப் பொருந்திய அந்த ஒரே மூட்டு, நாலும் ஐந்தும். மற்ற மூன்றும் ரேடியோகிராம் வாங்குவதற்கு முந்திய செட்டுகள். கையால் ஒவ்வொன்றாகத் திருப்புபவை. அதனால்தான் அவற்றில் நான் தப்பினேன்.

"இத அன்னைக்கே கடையில சொல்லியிருக்கலாமே அப்பு!"

"நீங்க கேக்கலீங்களே. நானே வந்து சொன்னா, தொரை சாப்பிடுறப்போ ஒட்டுக்கேட்டேன்னு ஆயிடுமே."

அன்று மாலை வரை இருவரும் அந்த ஹோலிலேயே இருந்தோம். நான் பக்கத்தைப் போடுவேன், அவர் இடத்தைச் சொல்வார், நான் எழுதுவேன். 'இரண்டாவது பக்கம், கொக்கி அடித்தொண்டையில்: சூப் உள்ளே போகும் இடம்.' 'ஐந்தாவது தொடக்கம்: மீன் உள்ளே போகும் இடம்.' மூட்டுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஏழு மூட்டும் பொருந்தின; லேபல்களில் எண்ணை மாற்றி எழுதி ஒட்டினேன். பதிவு செய்தவர்களிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் நானாவிடம் நடந்ததைச் சொன்னேன். "நீங்க சொன்ன கல்யாணக் கணக்குதான் சரி நானா."

"நான் சோத்தப் பத்தித்தானே பேசினேன் மகள்," என்றார். அந்த வாரம் முழுவதும் அவருக்கு நல்ல பசி.

வெள்ளிக்கிழமை தொரை வந்திறங்கினார். அப்பு சொன்னபடி அன்றே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஞாயிறு பதினொரு மணிக்குக் கடைக்காரர்களை வரச் சொல்லுமாறு மட்டும் தொரையின் உத்தரவு. அப்பு அனுப்பிய ஆள், "அப்பு சட்டி பானையெல்லாம் கட்டிட்டாருங்க" என்ற செய்தியையும் கொண்டுவந்தார்.

நானும் நானாவும் போனோம். தொரை உயரமான மனிதர். ரேடியோகிராமின் பக்கத்தில், கையில் ஒரு தட்டோடு நின்றார். என்னோடு ஆங்கிலத்தில் பேசினார்.

"இந்த எண்களை நம்பலாமா?"

"நம்பலாம். சந்தேகம் இருந்தால் சோதித்துப் பாருங்கள்."

எனக்கு முதுகைக் காட்டி, லேபலை மறைத்து ஒரு தட்டை வைத்தார். நடுவில் எங்கோ ஊசியை இறக்கினார். "இது?"

"முதல் சிம்பொனி, ஏழாவது பக்கம்."

இன்னொன்று. "மூன்றாவது. இரண்டாவது பக்கம். மறுவரவு இல்லை, முதல் வரவு." அவர் புருவம் உயர்ந்தது. மூன்றாவதையும் சொன்னேன். நானா உள்ளங்கைகளை எதிரெதிரே வைத்து, தட்டு இல்லாமலே தட்டைப் பிடித்தவர் போல் நின்றார்.

நாலாவது முறை ஊசி இறங்கியது. மிக மெதுவாக, நீண்ட நீண்ட இழுப்பாக ஏதோ ஒன்று வந்தது. ஏணியா? இல்லை. கோழிகளும் இல்லை. கட்டங்களில் இவ்வளவு நீளக் கோடு எதுவும் நான் போட்டதில்லை. மூட்டுகளுக்காக ஓரங்களையே கேட்டவள். பக்கங்களின் நடுப்பகுதி எனக்குப் பாடமில்லை. கதவருகில் அப்பு வெள்ளைக் கோட்டில் நின்றார். அவருடைய வீடு என் வாயில் இருந்தது. எதையாவது சொல்லிப் பார்க்கலாம். நாலில் ஒன்று சரியாகக்கூட இருக்கும்.

"தெரியவில்லை," என்றேன்.

தொரை ஊசியைத் தூக்கக் கையை நீட்டினார்.

"தொரை, அது மீன் தட்டு எடுக்குற எடம்ங்க."

எல்லோரும் திரும்பினோம். அப்பு இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"நீ என்னா சொல்றது அப்பு?" என்றார் தொரை தன் தோட்டத் தமிழில்.

இனி மறைக்க முடியாது. "நாலாம் நம்பருங்க தொரை. கம்பில பொரட்டி வெச்சப்புறம் மொதப் பக்கம். அந்த மூணு படி இங்க மெதுவா, தூக்கத்துல நடக்கிற மாதிரி வரும். இந்த எடம் வந்தா தொரை கண்ண மூடிக்குவீங்க. ஒரு தடவ அப்படிக் கண்ண மூடிக்கிட்டே மீனச் சாப்பிட்டு முள்ளு குத்திருச்சு. அதுலருந்து இது வந்தா, பாதி மீன் இருந்தாலும் நான் தட்ட எடுத்துருவேன்."

தட்டு ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று படி, மிக மெதுவாக, பிறகு சறுக்கு. கொக்கியேதான். அப்பு சொன்ன பிறகு அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. தொரை அந்தப் பக்கம் முடியும்வரை அசையவில்லை.

"என் மீனை யார் எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று எட்டு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தேன்," என்றார் என்னிடம் ஆங்கிலத்தில். பிறகு சிரிக்கத் தொடங்கினார். உயரமான மனிதர் சிரித்தால் நிறுத்த நேரம் எடுக்கும் போலிருக்கிறது. நானாவும் சேர்ந்துகொண்டார். அப்பு மட்டும் என் முகத்தைப் பார்த்தார்.

"பேர் வெட்டலங்களா மிஸ்?"

தொரைக்கு அது புரிந்தது. "அப்பு, நீ போய் சூப் கொண்டா," என்றார். "பாட்டு பிளேட் நான் கழுவறது. நீ தொடாதே."

கிளம்பும்போது தொரை ஒன்று கேட்டார். இத்தனை வருடம் கேட்டதில் எந்தச் சிம்பொனி அப்புவுக்குப் பிடிக்கும்? நான் அப்படியே கேட்டேன். அப்பு யோசித்தார்.

"புடிக்கிறதுன்னு ஒண்ணும் இல்லீங்க மிஸ். மூணாம் நம்பர மட்டும் கொறச்சுக்கச் சொல்லுங்க. அது ரொம்ப நீளம், புட்டிங் உருகிப் போகுது."

நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். மறுவாரம் நாலு செட்டும் கடைக்கு வந்தன. தொரை ஒரு குறிப்பு அனுப்பியிருந்தார்: எண்களுக்குக் கீழே அப்புவின் இடங்களையும் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். நாற்பது லேபலையும் மறுபடி எழுதினேன். செல்வி பார்த்தது அதன் நகல்.

கொப்பியைத் திருப்பி அனுப்புகிறேன். இழுப்பறையிலேயே இருக்கட்டும். போன ஞாயிறு இங்கே ரேடியோவில் அந்த நாலாவது சிம்பொனி வந்தது, வெட்டில்லாமல், ஒரே ஓட்டமாக. என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நெத்தலிக் குழம்பு, முள் என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. மூன்று படி மெதுவாக ஏறத் தொடங்கியதும் நான் எழுந்து அவர் தட்டை எடுத்துவிட்டேன்.

"இன்னும் முடியலையே!" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க," என்றேன். "ஊர்வலம் வரட்டும், காப்பி தாரேன்."